மூன்று சூரியனில் ஒரு நொடி, ஒரு சூரியனில் ஒரு மணி நேரம்

சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். 2024 ஜூலையில் நேச்சர் ஆய்விதழில் ஒரு பறக்கும் இயந்திரம் பற்றிய கட்டுரை வந்தது. அந்த இயந்திரம் இந்தத் தாளைவிட லேசு: 4.21 கிராம். மோட்டார், சுழலி, சூரிய மின்தகடுகள், மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட், இவற்றைத் தாங்கும் சட்டம் எல்லாம் சேர்த்துத்தான் இந்த எடை. பேட்டரி இல்லை, மின்கம்பி இல்லை. வெயிலில் வைத்த ஒரு நொடிக்குள் எழும்பி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் காற்றிலேயே நின்றது. கடைசியில் இயந்திரப் பழுது ஏற்பட்டுத்தான் இறங்கியது. வெளிச்சம் போதாமல் இறங்கவில்லை. சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகக் குழு இதற்கு வைத்த பெயர் கூலோம்ஃபிளை.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2019 ஜூனில், அதே நேச்சர் இதழில் இன்னொரு பறக்கும் இயந்திரம் வந்திருந்தது. ஹார்வர்டில் ராபர்ட் வுட் குழு செய்த ரோபோபீ எக்ஸ்-விங். எடை வெறும் 259 மில்லிகிராம். மேலே சொன்ன ஏ4 தாளில் எட்டு சென்டிமீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரு துண்டு வெட்டினால் அந்த எடை வரும். இதுவும் ஒளியில்தான் பறந்தது. ஆனால் அதற்கு இயற்கை வெயில் போதவில்லை. வெயிலைப்போல மூன்று மடங்கு செறிவுள்ள விளக்கொளி வேண்டியிருந்தது. அப்போதும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடிகூட முழுதாகப் பறக்கவில்லை. ஒளிவட்டத்தைவிட்டு விலகியதும் விழுந்துவிடும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. பதினாறு மடங்கு கனமான இயந்திரம் ஒரு சூரியனில் ஒரு மணி நேரம் நிற்கிறது. பதினாறில் ஒரு பங்கு எடையுள்ளதற்கு மூன்று சூரியன் தேவைப்படுகிறது. லேசானதற்குத்தானே வேலை சுலபமாக இருக்க வேண்டும்?

இந்த ஆய்வு அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. பதில் மின்தகட்டில் இருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அங்கே இல்லை.

சின்னதற்குச் சாதகமான கணக்கு

ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பாதியாகச் சுருக்குங்கள். எடை எட்டில் ஒன்றாகக் குறையும், பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறையும். சூரிய ஒளி பரப்பின் மீது விழுகிறது, புவியீர்ப்பு எடையை இழுக்கிறது. ஆக, சுருங்கச் சுருங்க ஒவ்வொரு கிராமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். நெல்மணி அளவில் ஒரு இயந்திரம் செய்தால் வெயில் அதற்குத் தாராளமாகப் போதும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான்.

காற்றும் சின்னதன் பக்கமே நிற்கிறது. ஓர் இடத்தில் அசையாமல் மிதப்பதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு திறன் வேண்டும் என்பதை ஹெலிகாப்டர்க்காரர்கள் வெகுகாலமாகக் கணக்கிட்டு வருகிறார்கள். சுழலி வீசும் வட்டத்தின் பரப்பில் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதே அந்தக் கணக்கின் மையம். ஒரு சதுர சென்டிமீட்டர் வட்டத்துக்கு வரும் எடை குறையக் குறைய, ஒரு கிராமைத் தூக்கத் தேவைப்படும் திறனும் குறையும். எல்லாப் பக்கமும் பாதியாகச் சுருக்கினால் இந்தச் சுமையும் பாதியாகும்.

கூலோம்ஃபிளையின் எண்களை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். சுழலியின் விட்டம் 20 சென்டிமீட்டர், தூக்க வேண்டியது 4.21 கிராம். எந்த இழப்பும் இல்லாத உலகத்தில் இதற்கு 0.03 வாட் போதும். வெயிலோ ஒரு சதுர மீட்டருக்கு 920 வாட். சோதனை நடந்த அளவு அது. ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கத்தில் விழும் வெயிலே ஒன்றரை வாட்டைத் தாண்டும்.

0.03 எங்கே, ஒன்றரை எங்கே. ஐம்பது மடங்கு மிச்சம் இருக்கிறது. அப்படியிருந்தும் 2024 வரை ஒருவராலும் 10 கிராமுக்குக் குறைவான ஒன்றை இயற்கை வெயிலில் மட்டும் தொடர்ந்து பறக்கவிட முடியவில்லை. அதுவரை வெயிலில் ஓர் இடத்தில் மிதந்த சுழலி இயந்திரங்களிலேயே லேசானது இதைப்போல அறுநூறு மடங்கு எடை, அதாவது இரண்டரை கிலோ. அந்த ஐம்பது மடங்கு எங்கேதான் போகிறது?

தரையில் ஓடுபவை தப்பித்த விதம்

இந்தச் சிக்கலைத் தரையில் ஓடும் குட்டி இயந்திரங்கள் வேறு வழியில் சமாளித்தன. 1990-களில் ரோபோ வடிவமைப்பாளர் மார்க் டில்டன் பிரபலமாக்கிய பீம் வகை ரோபோக்களைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிறிய மின்தகடு, ஒரு மின்தேக்கி, இரண்டு மூன்று டிரான்சிஸ்டர், ஒரு மோட்டார். மின்தகடு தரும் சொட்டு மின்சாரத்தில் மோட்டார் அசையவே அசையாது. அதனால் மின்சாரம் முதலில் மின்தேக்கியில் சேர்கிறது. மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தொட்டதும் சர்க்யூட் மடையைத் திறந்துவிடுகிறது, சேர்ந்தது முழுவதும் ஒரே மூச்சில் மோட்டாருக்குப் பாய்கிறது. இயந்திரம் ஒரு எட்டு தாவுகிறது. மறுபடி சேமிப்பு, மறுபடி தாவல்.

4,700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 2.6 வோல்ட் வரை நிரப்பினால் அதில் இருப்பது 16 மில்லிஜூல். நல்ல வெயிலில் 20 மில்லிஆம்பியர் வந்தால் ஒரு நொடிக்குள் நிரம்பிவிடும். அறைக்குள் 30 மைக்ரோஆம்பியர்தான் வருகிறது என்றால் ஏழு நிமிடம் பிடிக்கும். பரவாயில்லை, அது காத்திருக்கும். தரையில் நிற்பதற்குச் செலவே இல்லை.

இன்னொரு கோடியில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நுண் ரோபோக்கள். 2020-இல் வந்தவை நூறு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. கால்கள் சில நானோமீட்டர் தடிமன் கொண்ட பிளாட்டினத் தகடுகள். திரவத்துக்குள், 200 மில்லிவோல்ட்டில், 10 நானோவாட்டில் நடக்கின்றன. ஒரே சிலிக்கான் தட்டில் பத்து லட்சம் செய்யலாம் என்றார்கள். அங்கே திரவத்தின் அடித்தளமே எடையைத் தாங்கிக்கொள்கிறது. நகர்வதற்கு மட்டும்தான் செலவு.

பறப்பவைக்கு இந்த இரண்டு சலுகையும் இல்லை. காற்றில் மிதப்பதற்கு ஒவ்வொரு நொடியும் கட்டணம் கட்ட வேண்டும். சேர்த்து வைத்துத் தாவலாம் என்றால், சேர்க்கும் நேரத்தில் விழுந்துவிடும். அதனால்தான் சிறு இயந்திரங்களில் பறப்பதை மட்டும் தனி வகையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மோட்டாரே குற்றவாளி

வழக்கமான மோட்டார் காந்தவிசையில் ஓடுகிறது. செம்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது, காந்தம் இழுக்கிறது, தண்டு திரும்புகிறது. முறுக்கு விசை வேண்டுமென்றால் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடாகப் போகும் சக்தி நான்கு மடங்கு. பெரிய மோட்டாரில் கம்பி தடிமனாக இருப்பதால் இது பெரிய தொல்லை இல்லை. மோட்டாரைச் சுருக்கினால் கம்பி மெல்லியதாகும், காந்தம் சிறுத்துப்போகும், அதே முறுக்கு விசைக்குச் சூடு ஏறிக்கொண்டே போகும்.

வேகமாகச் சுற்றவிட்டால் இந்தச் சூடு குறையும். சின்ன டிரோன்களில் சின்ன விசிறி அசுர வேகத்தில் சுற்றுவது அதனால்தான். ஆனால் சின்ன விசிறி என்றால் வட்டம் சின்னது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வரும் எடை கூடுதல், காற்றுக்குக் கட்டும் கட்டணமும் கூடுதல். விசிறியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே எடையை மிதக்கவைக்க இரண்டு மடங்கு திறன் வேண்டும். பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றுவதுதான் சிக்கனம். சின்ன காந்த மோட்டார் செய்ய மறுப்பதும் அதையேதான். நடுவில் பல்சக்கரம் வைக்கலாம். அது எடையையும் உராய்வையும் கூட்டிக்கொண்டு வரும்.

இது ஒரு முடிச்சு. மின்தகட்டை எவ்வளவு மெருகேற்றினாலும் இது அவிழாது. வெயில் தரும் சக்தி மோட்டாரின் செம்பில் சூடாகிக் கரைகிறது.

ஹார்வர்டு குழு மோட்டாரையே கைவிட்டது. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ மின் தகடுகள் இரண்டை வைத்து நான்கு இறக்கைகளை அடிக்கவைத்தது. அந்தப் பகுதியின் எடை 90 மில்லிகிராம். அது தன் எடையைப்போல நான்கு மடங்குக்குச் சற்றே கூடுதலாகத் தூக்கக்கூடியது. அதன்மேல் 60 மில்லிகிராமுக்கு ஆறு மின்தகடுகள், மீதி சர்க்யூட்டும் சட்டமும். மொத்தச் செலவு 110 முதல் 120 மில்லிவாட். அதே அளவுள்ள பூச்சிகளின் சிக்கனத்துக்கு இணையானது இது என்றார்கள், அந்த ஒப்பீடு நியாயமானதே. ஆனாலும் ஒரு வாட்டுக்கு எவ்வளவு எடை என்று பார்த்தால் 2.25 கிராம் அளவில்தான் நிற்கிறது. தேனீ தேன் குடித்துப் பறக்கிறது. முதுகில் விழும் வெயிலை மட்டும் நம்பி எந்தத் தேனீயும் பறந்ததில்லை.

பழைய சக்கரம், புதிய வேலை

பெய்ஹாங் குழு எடுத்த வழி, கேட்டவுடன் வேடிக்கையாகத்தான் இருக்கும். காந்தத்தை விட்டுவிட்டு நிலைமின் விசைக்குப் போனார்கள். பலூனைத் தலையில் தேய்த்தால் முடி எழும்புகிறதே, அந்த விசை. 1740-களின் இறுதியிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் இந்த விசையில் சுற்றும் ஒரு சக்கரத்தைச் செய்திருந்தார். அதன்பின் காந்த மோட்டார் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. நிலைமின் மோட்டார் செயல்விளக்க மேஜையிலேயே தங்கிவிட்டது.

தங்கியதற்குக் காரணம் உண்டு. சாதாரணக் காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வரைதான் தாங்கும், அதற்குமேல் பொறி பறக்கும். அந்த எல்லையில் ஒரு கனமீட்டர் மின்புலத்தில் தேங்கும் சக்தி 40 ஜூல். ஒரு டெஸ்லா காந்தப்புலத்தில் அதே கனமீட்டரில் தேங்குவது நான்கு லட்சம் ஜூல். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! டிராக்டருக்கும் மின்தூக்கிக்கும் நிலைமின் மோட்டார் போட யாரும் நினைக்காததில் வியப்பில்லை.

ஆனால் இங்கே தேவை பலம் இல்லை, வீணாக்காமை. நிலைமின் மோட்டாரில் விசை மின்னழுத்தத்திலிருந்து வருகிறது. மின்னோட்டம் மிகமிகக் குறைவு. சூடாக்குவதற்குச் சுருளே இல்லை. வேலை செய்யும் விதமும் எளிது. வெளியே வட்டமாக நிற்கும் மின்முனைத் தகடுகள் நேர், எதிர், நேர், எதிர் என்று மாறி மாறி வரும். உள்ளே சுழலும் தகடு ஒன்று நேர்முனையை நெருங்கும்போது, மெல்லிய தூரிகை ஒன்று அதைத் தொட்டு நேர்மின்னூட்டம் ஏற்றிவிடுகிறது. ஒத்தவை விலக்கும் அல்லவா, உடனே நேர்முனை அதைத் தள்ளுகிறது, அடுத்திருக்கும் எதிர்முனை இழுக்கிறது. அங்கே போனதும் இன்னொரு தூரிகை மின்னூட்டத்தை மாற்றிவிடுகிறது. சேர்ந்த இடத்திலேயே விரட்டப்பட்டு, அடுத்த இடத்தால் ஈர்க்கப்பட்டு, அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1785-இல் இந்த விசைக்கு விதி எழுதிய கூலோமின் பெயரை இயந்திரத்துக்கு வைத்தது பொருத்தம்தான்.

தகடுகள் வட்டத்தின் விளிம்பில், மையத்திலிருந்து தள்ளி நிற்பதால் குறைந்த விசையே கணிசமான முறுக்காகிறது. மெதுவாகச் சுற்றும் 20 சென்டிமீட்டர் விசிறியைப் பல்சக்கரமே இல்லாமல் ஓட்ட முடிகிறது. மோட்டார் பகுதியின் எடை 1.52 கிராம்.

பெருக்கினால் ஒத்துப்போகாத இரண்டு எண்கள்

கூலோம்ஃபிளை பற்றிய நேச்சர் கட்டுரையின் சுருக்கத்திலேயே இரண்டு எண்கள் இருக்கின்றன. உந்து அமைப்பின் சிக்கனம் ஒரு வாட்டுக்கு 30.7 கிராம். மின் அமைப்பின் செலவு 0.568 வாட். செய்தியாக எழுதியவர்கள் இரண்டையும் அப்படியே அடுத்தடுத்து எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெருக்கிப் பாருங்கள்: 17.4 கிராம் வருகிறது. இயந்திரத்தின் எடையோ 4.21. மீதி 13 கிராமுக்கான தூக்குவிசை எங்கே?

கணக்கில் பிழை இல்லை. இரண்டும் வெவ்வேறு இடத்தில் அளந்த எண்கள். 30.7 என்பது மோட்டாருக்குள் நுழையும் மின்சாரத்துக்கான கணக்கு. 4.21 கிராமை 30.7-ஆல் வகுத்தால் மோட்டாருக்குத் தேவைப்படுவது 0.137 வாட். 0.568 என்பது அதற்கு முந்தைய படியில், மின்தகட்டிலிருந்து எடுக்கப்படுவது. 0.137 எங்கே, 0.568 எங்கே? நான்கில் ஒரு பங்குகூட மோட்டாரைச் சேரவில்லை. மிச்சமெல்லாம் நடுவில் இருக்கும் சர்க்யூட்டில் தொலைகிறது.

அந்தச் சர்க்யூட்டின் வேலையைப் பார்த்தால் அதைக் குறை சொல்லவும் மனம் வராது. மின்தகடுகள் கொடுப்பது 4.5 வோல்ட், மோட்டார் கேட்பது 9,000 வோல்ட் அளவில். இரண்டாயிரம் மடங்கு! இப்படி ஏற்றுவதற்குப் பொதுவான வழி, நேர்மின்சாரத்தை அலையாக்கி, குட்டி டிரான்ஸ்ஃபார்மரில் உயர்த்தி, டயோடும் மின்தேக்கியும் கொண்ட அடுக்குகளில் படிப்படியாகப் பெருக்குவது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கசியும். டிரான்ஸ்ஃபார்மரைச் சின்னதாக்கினால் அதன் இழப்பு விகிதம் இன்னும் கூடும். இங்கே முழுச் சர்க்யூட்டின் எடை 1.13 கிராம். இந்த எடையில் ஒன்பதாயிரம் வோல்ட் எடுப்பதே சாதனை என்று தோன்றுகிறது எனக்கு. மோட்டாரை மட்டும் பாராட்டிவிட்டு இதை அடிக்குறிப்பாக விடுவது சரியில்லை.

இப்போது வெயிலிலிருந்து காற்று வரை முழுப் பாதையையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கலாம். மின்தகடு தன்மேல் விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது என்று நான் வைத்துக்கொள்கிறேன். நல்ல கேலியம் ஆர்சனைடு தகடு அதற்குமேலும் கொடுக்கும். அப்படியானால் விழும் வெயில் 2.3 வாட், தகட்டிலிருந்து 0.568 வாட், சர்க்யூட்டைக் கடந்தது 0.137 வாட், அதில் காற்றைக் கீழே தள்ளும் வேலைக்குக் கட்டாயம் வேண்டியது 0.03 வாட். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ நான்கில் ஒன்று. முதலில் கேட்ட ஐம்பது மடங்கும் அதற்குமேலும் போன இடம் இந்த மூன்று படிகள்தான். எந்த ஒரு படியும் தனியாகக் கொள்ளை அடிக்கவில்லை, மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு பார்த்தால் முதல் கேள்விக்கும் பதில் தெளிவாகிறது. முழு இயந்திரத்துக்கும் சேர்த்து ஒரு வாட்டுக்கு கூலோம்ஃபிளை 7.4 கிராம், எக்ஸ்-விங் 2.25 கிராம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மூன்று சூரியனுக்கும் ஒரு சூரியனுக்கும் உள்ள விகிதமும் அதுவே. இதை மறைந்திருக்கும் விதி என்று நான் சொல்லமாட்டேன். இரு இயந்திரங்களிலும் எடைக்கேற்ற தகட்டுப் பரப்பு வேறு, தகட்டின் தரமும் வேறு. ஆனால் வித்தியாசம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. வெயிலைப் பிடிக்கும் பக்கம் அல்ல, அதைச் செலவழிக்கும் பக்கம்.

இந்த நிகழ்வு காட்டாதவை

4.21 கிராம் என்றதும் கைக்குள் அடங்கும் ஒன்றைக் கற்பனை செய்துவிடுகிறோம். சுழலியின் விட்டம் 20 சென்டிமீட்டர், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். இவ்வளவு அகலமும் இவ்வளவு லேசும் சேர்ந்தால் காற்றடிக்கும் வெளியில் அது இயந்திரமாக இருக்காது, சருகாக இருக்கும். மிதப்பதற்கே 920 வாட் வெயில் தேவைப்படும் நிலையில், திசை திருப்பவும் நிலைநிறுத்தவும் எடுக்கும் செலவு தனி.

மேகம் அடுத்த தொல்லை. தடித்த மேகம் மூடினால் வெயில் சதுர மீட்டருக்கு நூறு, இருநூறு வாட்டுக்கு இறங்கிவிடும். பேட்டரி இல்லாததே லேசாக இருப்பதற்குக் காரணம். அதே காரணத்தால் ஒரு நிழல் போதும், கீழே வந்துவிடும். ஈரப்பதமும் உயர் மின்னழுத்தமும் ஒன்றையொன்று விரும்பாதவை. ஈரம் படிந்த பரப்பில் மின்சாரம் வழிந்தோடும். தூரிகைகள் தொட்டுத் தொட்டுத் தேய்பவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே குழு இன்னும் சின்னதும் ஒன்று செய்து காட்டியது: 8 மில்லிமீட்டர் சுழலி, 9 மில்லிகிராம். நிலைமின் மோட்டார் அந்த அளவுக்குச் சுருங்கியும் தூக்குகிறது. ஆனால் அதற்கு மின்சாரம் வெளியிலிருந்து கொடுத்தார்கள். மோட்டார் சுருங்கிவிட்டது, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும் சர்க்யூட் கூடவே சுருங்கவில்லை. காந்த மோட்டாரில் இருந்த முடிச்சு அவிழ்ந்து, ஒரு படி பின்னால் போய் மறுபடி விழுந்திருக்கிறது.

அந்தப் படியில் இடம் நிறைய இருக்கிறது. 24 சதவீதத்தில் இருக்கும் சர்க்யூட்டை, எடை கூடாமல், 48-க்குக் கொண்டுபோனால் தகட்டிலிருந்து 0.284 வாட் போதும். அப்போது 920 வாட் வெயிலுக்குப் பதில் 460 வாட்டில் அதே இயந்திரம் எழும்பும். உச்சிப் பொழுதை ஒட்டி மட்டும் பறக்கக்கூடியது, காலை வெயிலிலேயே கிளம்பி மாலை வெயில் சாய்ந்த பிறகே இறங்கலாம், தூரிகைகள் அதுவரை தேயாமல் தாங்கினால்.